நெறி கட்டுவது ஏன், கால் வீங்குவது ஏன்: நிணநீர்க் குழாய்கள் பற்றி

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த சில கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் தலைப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் நம் வாட்ஸப் குழுவில் போன மாதம் எழுந்த ஒரு கேள்வி. புதிதாக வந்திருக்கும் இரவு வாட்ச்மேனுக்கு ஒரு கால் வீங்கியிருக்கிறது, யானைக்கால் மாதிரி தெரிகிறது, அது ஒட்டிக்கொள்ளுமா, ஏஜென்சியிடம் வேறு ஆள் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கைக்குழந்தை இருக்கும் வீடு, கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்கு வந்த பதில்கள் இருபது விதம். ஒருவர் லிஃப்டில் ஏற வேண்டாம் என்றார், இன்னொருவர் அது பரம்பரை நோய் என்றார். செயற்குழு முடிவைத் தள்ளிவைத்துவிட்டு, "சார், நீங்கதான் சும்மா இருக்கீங்க, படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று என்னிடம் விட்டுவிட்டது. படித்தேன். எழுதியதை நம் சி பிளாக் டாக்டர் அம்மா ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

அந்த வாட்ச்மேனுக்கு வந்திருப்பது யானைக்கால்தானா என்பதே நமக்குத் தெரியாது. அதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவருடைய காலைப் பற்றி நாம் இங்கே பேசப்போவதில்லை. நம் எல்லோர் உடம்பிலும் ஓடும் சில குழாய்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அவை தெரிந்தால் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

சின்ன வயதில் காலில் முள் குத்தி, இரண்டு நாள் கழித்துத் தொடை இடுக்கில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று திரண்டு வலித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "நெறி கட்டியிருக்கு" என்பார்கள் பெரியவர்கள். கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். பல்லில் சீழ் பிடித்தால் தாடைக்குக் கீழே கட்டும். முள் குத்தியது கட்டைவிரலில், வீங்கியது தொடை இடுக்கில். நடுவில் ஏதோ ஒரு பாதை இருந்தால்தானே இது நடக்கும்? அந்தப் பாதைதான் நிணநீர்க் குழாய். நெறி என்று நம் கைக்குத் தட்டுப்படுவது, அந்தப் பாதையில் இருக்கும் நிணநீர் முடிச்சு.

இந்தக் குழாய்களுக்கு என்ன வேலை? ரத்தம் இதயத்திலிருந்து கிளம்பி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளுக்குள் போகிறது. தந்துகியின் சுவர் இரும்புக் குழாய் மாதிரி அடைப்பானது இல்லை. அதன் வழியே தண்ணீரும் உப்பும் சர்க்கரையும், கொஞ்சம் புரதமும் வெளியே கசிகின்றன. இது பழுதால் வரும் கசிவு இல்லை. அப்படிக் கசிந்தால்தான் திசுக்களுக்குச் சாப்பாடு கிடைக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் இப்படிக் கசிகிறது என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதில் பெரும்பகுதி அங்கேயே ரத்தக் குழாய்க்குத் திரும்பிவிடுகிறது. சுமார் 3 லிட்டர் மட்டும் திரும்பாமல் வெளியே தங்கிவிடுகிறது.

இந்த 3 லிட்டர் எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள். ஒரு பெரியவர் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர். அதில் அணுக்களைக் கழித்தால் மீதியுள்ள நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, சுமார் 3 லிட்டர். திரும்பாத கசிவு அப்படியே வெளியில் நின்றுவிட்டால், ஒரே நாளில் நம் ரத்தத்தின் நீர்க்கணக்கு பூஜ்யமாகிவிடும். எங்கள் பழைய தொழிலில் சாயங்காலம் கணக்கு டாலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. உடம்பில் ஒவ்வொரு நாளும் அந்த டாலியைச் செய்து கொடுப்பது நிணநீர்க் குழாய்கள்தான்.

தண்ணீர் மட்டும் என்றால்கூடச் சமாளித்துவிடலாம். வெளியே கசிந்த புரதம் ரத்தத் தந்துகிக்குள் திரும்ப நுழைய வழி கிடையாது. அது திசுவிலேயே தங்கினால், உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் புரதத்தை வெளியேற்ற இருக்கும் ஒரே வழி நிணநீர்க் குழாய். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வீக்கத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இனி குழாயின் அமைப்பு. ரத்த ஓட்டம் வட்டமாகப் போய் வருகிறது. நிணநீர் ஓட்டத்தில் வட்டம் கிடையாது, இது ஒருவழிப் பாதை. திசுக்களுக்கு நடுவே, கையுறையின் விரல் நுனி மாதிரி மூடிய முனையோடு மிக மெல்லிய குழாய்கள் தொடங்குகின்றன. அவற்றின் சுவர் ஒரே ஓர் அடுக்கு செல்லால் ஆனது. செல்களின் ஓரங்கள் ஓட்டு வீட்டின் ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வெளியே நீர் அதிகமானால் அந்த ஓரங்கள் உள்பக்கமாகத் திறந்து நீரை விடும். உள்ளே அழுத்தம் கூடினால் மூடிக்கொள்ளும். உள்ளே வந்தது வெளியே போகாது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. திசு வீங்கினால் அந்த அழுத்தத்தில் இவ்வளவு மெல்லிய குழாய் நசுங்கித்தானே போக வேண்டும்? நசுங்குவதில்லை. குழாயின் சுவரைச் சுற்றியுள்ள திசுவோடு நுண்ணிய இழைகள் பிடித்துக் கட்டியிருக்கின்றன. திசு வீங்க வீங்க அந்த இழைகள் சுவரை வெளிப்பக்கம் இழுக்கும், குழாய் இன்னும் அகலமாகத் திறக்கும். பந்தலை நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துகிறோமே, அந்த மாதிரி.

இந்தச் சின்னக் குழாய்கள் சேர்ந்து பெரிய குழாய்களாகின்றன. இவற்றில் சிறிது தூரத்துக்கு ஒரு வால்வு உண்டு. நம் மோட்டார் லைனில் தண்ணீர் சம்புக்குத் திரும்பாமல் இருக்க வால்வு போட்டிருக்கிறோம் அல்லவா, அதே வேலை. இரண்டு வால்வுகளுக்கு நடுவே உள்ள துண்டின் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் துண்டு நிமிடத்துக்குச் சில தடவை தானாகச் சுருங்கி, உள்ளே இருப்பதை அடுத்த துண்டுக்குத் தள்ளும். மணி மணியாகக் கோத்த மாலை போல் இந்தத் துண்டுகள் வரிசையாக இருக்கும்.

ரத்தத்துக்கு இதயம் இருக்கிறது. நிணநீருக்குத் தனி இதயம் கிடையாது. குழாயின் சொந்தச் சுருக்கத்தோடு வேறு இரண்டு துணைகள் வேண்டும். ஒன்று, நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிக் குழாயை அமுக்குவது. இரண்டு, நாம் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, வயிற்றிலிருந்து நிணநீர் மேலே இழுக்கப்படுவது. பாதத்திலிருந்து கழுத்து வரை நாலரை அடி உயரம் ஏற வேண்டிய நீருக்கு இவ்வளவுதான் மோட்டார். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மோட்டாரில் பாதி ஓடவில்லை என்று அர்த்தம்.

போகும் வழியில்தான் முடிச்சுகள். உடம்பில் ஐந்நூறு, அறுநூறு இருக்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிற்றுக்குள் என்று கூட்டமாக உட்கார்ந்திருக்கும். நிணநீர் அவற்றுக்குள் நுழைந்து வடிகட்டப்பட்டுத்தான் மேலே போக வேண்டும். முள் வழியே நுழைந்த கிருமியை அங்கே இருக்கும் வெள்ளணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. எதிர்ப்பு அணுக்கள் பெருகுகின்றன, முடிச்சு வீங்குகிறது. நெறி கட்டுவது என்றால் செக்போஸ்டில் சோதனை நடக்கிறது என்று பொருள்.

கடைசியில் எல்லாம் எங்கே சேர்கிறது? இரண்டு கால்கள், வயிறு, இடது கை, இடது நெஞ்சு, தலையின் இடது பாதி ஆகியவற்றின் நிணநீர் ஒரே பெரிய குழாயில் சேர்கிறது. டாக்டர்கள் அதைத் தொராசிக் டக்ட் என்கிறார்கள், மார்பு நாளம் என்று சொல்லலாம். முதுகெலும்பை ஒட்டி மேலேறும் அதன் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். இடது காறை எலும்புக்குப் பின்னால் ஒரு பெரிய சிரையில் அது திறக்கிறது. வலது கை, வலது நெஞ்சு, தலையின் வலது பாதி ஆகியவற்றுக்கு வலப்பக்கம் ஒரு சின்னக் குழாய் தனியாக உண்டு. கசிந்த நீர் அங்கே ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது.

இந்தக் குழாய்கள் வெகுகாலம் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை. ரத்தம் மாதிரி நிறம் இல்லாமல், நிணநீர் வெளிறிய தண்ணீர் போல் இருப்பதுதான் காரணம். 1622-ல் இத்தாலியில் கஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர், சாப்பிட்டு முடித்திருந்த ஒரு நாயின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூல்கள் தெரிந்தன. நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார், பால் போன்ற திரவம் வழிந்தது. சாப்பாட்டில் உள்ள கொழுப்பு நேராக ரத்தத்துக்குள் போவதில்லை. குடலில் உள்ள நிணநீர்க் குழாய்கள்தான் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்தக் கொழுப்பால்தான் அவை வெள்ளையாகத் தெரிந்தன. நிணம் என்றால் தமிழில் கொழுப்பு என்றும் ஒரு பொருள் உண்டு, பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. அந்தக் குழாய்கள் ஈரலுக்குப் போவதாக அசெல்லி நினைத்தார். அவை மார்பு நாளம் வழியாகக் கழுத்தருகே சிரையில் சேர்வதை 1651-ல் பிரான்சின் ஜான் பெக்கே எழுதினார். மூளையைச் சுற்றிய உறையில் இந்தக் குழாய்கள் இருப்பதை எலிகளில் தெளிவாக விவரித்துக் கட்டுரைகள் வந்தது 2015-ல்தான்.

இனி கோளாறுக்கு வருவோம். நிணநீர்க் குழாய் அடைபட்டாலோ, வால்வு கெட்டாலோ, முடிச்சுகளை எடுத்துவிட்டாலோ, அந்தப் பகுதியில் புரதமும் நீரும் தங்கும். ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் வடிந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் தங்கிய புரதத்தால் திசு தடித்துப்போகும், தோல் கெட்டியாகும், குழி விழாது, படுத்தாலும் வடியாது. கால்விரல் இடுக்கில் வரும் சின்ன வெடிப்பு வழியே கிருமி நுழைந்தால், குளிரும் காய்ச்சலுமாக வந்து கால் சிவந்து வலிக்கும். ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கும் குழாய்களில் இன்னும் சிலவற்றைக் கெடுத்துவிட்டுப் போகும். வெட்கப்பட்டு வேட்டிக்குள்ளும் புடவைக்குள்ளும் மறைத்து வைத்தவர்களுக்குத்தான் கால் மிகவும் பெரிதாகிறது.

நம் ஊரில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த காரணம் யானைக்கால் நோய். கும்பகோணம் பக்கம் போய் வந்தவர்கள் ஒரு காலத்தில் நிறையப் பார்த்திருப்பீர்கள். ஃபைலேரியா என்ற நூல் போன்ற புழு நிணநீர்க் குழாய்க்குள் குடியேறுகிறது. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளம், பல வருஷம் உயிரோடு இருக்கும். அது இருக்கும் இடத்தில் குழாய் தொளதொளவென்று விரிந்து, வால்வுகள் பொருந்தாமல் போகின்றன. அதன் குஞ்சுகள் ரத்தத்தில் சுற்றும், அதுவும் பெரும்பாலும் நடு இரவில். அதனால்தான் ஃபைலேரியா பரிசோதனைக்கு ராத்திரியில் வந்து ரத்தம் எடுப்பார்கள். இந்தக் குஞ்சுகளை மனித ரத்தத்தில் 1872-ல் கண்டவர் கல்கத்தாவில் வேலை பார்த்த டிமோதி லூயிஸ். அவை கொசுவுக்குள் வளர்வதை 1877-ல் சீனாவில் கண்டவர் பேட்ரிக் மேன்சன்.

இப்போது வாட்ஸப் கேள்விக்கு வருகிறேன். ஒட்டிக்கொள்ளுமா? தொட்டால் ஒட்டாது. லிஃப்டில் கூட நின்றால் ஒட்டாது. அவர் தூக்கிவரும் கூரியர் பார்சலால் ஒட்டாது. புழுக் குஞ்சு ரத்தத்தில் உள்ள ஒருவரைக் கியூலெக்ஸ் கொசு கடித்து, அந்தக் கொசுவுக்குள் அது பத்துப் பன்னிரண்டு நாள் வளர்ந்து, பிறகு அந்தக் கொசு இன்னொருவரைக் கடித்தால்தான் பரவும். கொசுவுக்குள் அதன் எண்ணிக்கை பெருகுவதும் இல்லை. எனவே ஒன்றிரண்டு கடியில் நோய் வருவது அபூர்வம், மாதக்கணக்காக, வருஷக்கணக்காகக் கடி வாங்க வேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கால் பெரிதாகிப்போன பெரும்பாலோருடைய ரத்தத்தில் குஞ்சுகளே இருப்பதில்லை. அவர்கள் காலில் தெரிவது பழைய சேதாரம். குஞ்சுகளை ரத்தத்தில் சுமந்து நடப்பவர் வெளிப்பார்வைக்கு நம்மைப் போல நல்ல காலோடுதான் இருப்பார். ஆகவே வீங்கிய காலைப் பார்த்து ஓர் ஆளை மாற்றுவதால் இந்தக் குடியிருப்பின் ஆபத்து ஒரு பைசாவும் குறையாது. ஒரு குடும்பத்தின் சம்பளம் மட்டும்தான் போகும்.

ஆபத்தை உண்மையிலேயே குறைக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய இடம் நம் செப்டிக் டேங்க். டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்று பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறோம், சரி. கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடித்தது சாக்கடையும் செப்டிக் டேங்க்கும்தான். பி பிளாக் பின்னால் டேங்க் மூடியில் விரிசல் இருக்கிறது. நான் எண்ணிய வரை நாலு வென்ட் பைப்புகளில் வலை இல்லை. பெரிய செலவில்லாமல் ஒரு பிளம்பர் அரை நாளில் முடிக்கிற வேலை. அரசு சுகாதாரத் துறையினர் மாத்திரை கொண்டுவந்தால் வாங்கி மேஜை இழுப்பில் போடாமல் அவர்கள் முன்னாலேயே விழுங்குவதும் நம் கடமை. அந்த மாத்திரை குஞ்சுகளைக் கொல்லும், பரவலை நிறுத்தும். வீங்கிய காலைப் பழையபடி ஆக்காது.

வீங்கிய காலுக்கு வேண்டியது தினசரிப் பராமரிப்பு. சோப்புப் போட்டுச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, வெடிப்புக்கு மருந்து தடவ வேண்டும். உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்து, செருப்பில்லாமல் நடக்காமல் இருக்க வேண்டும். காய்ச்சலோடு கால் சிவந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். செக்யூரிட்டி அறையில் ஒரு முக்காலியும், மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு சுற்று நடக்க அனுமதியும் கொடுத்தால், அது யார் காலுக்கும் நல்லது. நம் காலுக்கும் அதே விதிதான். டிவி முன்னால் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கும் என் வயதுக்காரர்கள் விளம்பர இடைவேளையிலாவது எழுந்து நடக்கலாம்.



கேள்வி நேரம்

ஏ பிளாக் மாமி ஒருவர்: எனக்குச் சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்குகிறது. இதுவும் நிணநீர்தானா?

நிச்சயமாகச் சொல்ல முடியாது மாமி. இரண்டு கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், ஈரல், தைராய்டு என்று பல காரணம் உண்டு. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் போன்ற மாத்திரையாலும் வீங்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துக் கடையில் நீர் மாத்திரை கேட்டு வாங்கிப் போடவும் வேண்டாம். ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கு நாளை வரை காத்திருக்கக் கூடாது.

சி பிளாக் நண்பர்: நெறி கட்டினால் எண்ணெய் போட்டு உருவிவிடுவார்களே, செய்யலாமா?

வேண்டாம். புண்ணுக்கு வைத்தியம் செய்தால் நெறி தானாக இறங்கும். புண் எதுவும் இல்லாமல், வலியும் இல்லாமல், கெட்டியாக ஒன்று இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தாலோ வளர்ந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்தில் வரும் கட்டிக்குக் காசநோயும் ஒரு காரணமாக இருக்கலாம். புற்றுநோயா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

பெயர் போடாத துண்டுச் சீட்டு: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அந்தப் பக்கத்துக் கை கனமாக இருக்கிறது. இது சாதாரணம்தானா?

அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவையில் அக்குள் முடிச்சுகளை எடுத்திருந்தாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ, கையின் நிணநீருக்குப் பாதை குறைந்திருக்கும். வருடங்கள் கழித்தும் வீக்கம் தொடங்கலாம். வளையல் இறுக்குவது, கை கனப்பது எல்லாம் ஆரம்ப அடையாளம். இந்த நிலையில் பிசியோதெரபியும், அளவெடுத்துப் போடும் இறுக்கமான கையுறையும் நன்றாகப் பலன் கொடுக்கும். அறுவை செய்த டாக்டரை இந்த வாரமே பாருங்கள். அந்தக் கையில் ஊசி போடலாமா, பிரஷர் பார்க்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் சூடு, வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி பிளாக் இளைஞர்: அழகு நிலையத்தில் 'லிம்ஃப் டீடாக்ஸ் மசாஜ்' என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்களே அங்கிள்?

நிணநீர் வீக்கம் உள்ளவர்களுக்குப் பயிற்சி பெற்றவர்கள் மிக மென்மையாகச் செய்யும் ஒரு தடவல் சிகிச்சை உண்மையிலேயே உண்டு. குழாய்கள் நன்றாக இருக்கும் உனக்கு அது தேவையில்லை தம்பி. நாலாவது மாடிக்குப் படியில் ஏறு, போதும்.

(கூட்டத்தின் முடிவில்: செப்டிக் டேங்க் மூடி பூச்சும் வென்ட் பைப் வலைகளும் இந்த மாதப் பராமரிப்பு வேலையில் சேர்க்கப்பட்டன. வாட்ச்மேனை மாற்றக் கேட்கும் யோசனை கைவிடப்பட்டது. செக்யூரிட்டி அறைக்கு முக்காலி ஒன்றை பி பிளாக் குடும்பம் ஒன்று அன்று இரவே கொடுத்தது.)